'எல்லாரும்தான் அனுப்புறாங்க'... உண்மையா? செக்ஸ்டிங் செய்யும் டீன் ஏஜ் பிள்ளைகள், செய்யாத பிள்ளைகள்: ஆய்வுகள் சொல்வது என்ன?

2008 அக்டோபர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டங்கனாக் என்ற சிறிய ஊர். அங்குள்ள பள்ளியில் மாணவர்கள் சிலரின் செல்போன்களை ஆசிரியர்கள் பறிமுதல் செய்தார்கள். உள்ளே, அதே பள்ளி மாணவிகளின் அந்தரங்கப் படங்கள் இருந்தன. பசங்க அந்தப் படங்களைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது தெரிய வந்தது.

விஷயம் மாவட்ட அரசு வழக்கறிஞரிடம் போனது. சில மாதங்களில் பெற்றோர்களுக்குக் கடிதம் வந்தது. 'உங்கள் பிள்ளை ஒரு சீர்திருத்த வகுப்பில் சேர வேண்டும், இல்லையென்றால் வழக்கு' என்பதுதான் அதன் சாரம். என்ன வழக்கு? குழந்தைகள் ஆபாசப் படம் தொடர்பான வழக்கு. போனில் படம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அல்ல, படத்தில் இருந்த மாணவிகளின் வீட்டுக்கும் அதே கடிதம் போனது.

மூன்று மாணவிகளின் குடும்பங்கள் 'முடியாது' என்று சொல்லி நீதிமன்றம் போயின. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குடும்பங்களின் பக்கம் நின்றது.

அந்த நேரத்தில் அமெரிக்கா முழுக்க ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது. 'இப்படிப் படம் அனுப்பும் பிள்ளைகள் யார்? எந்த வீட்டுப் பிள்ளைகள்? ஏன் சிலர் அனுப்புகிறார்கள், பலர் அனுப்புவதில்லை?'

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி 15 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. அவை தரும் பதில்களில் சில, பலரும் நினைப்பதற்கு நேர் எதிரானவை.

முதலில், செக்ஸ்டிங் என்றால் என்ன?

'செக்ஸ்', 'டெக்ஸ்டிங்' என்ற இரண்டு சொற்கள் ஒட்டி உருவானதுதான் 'செக்ஸ்டிங்'. பாலியல் சார்ந்த படம், வீடியோ, மெசேஜ் ஆகியவற்றை போன் வழியாக அனுப்புவது, பெறுவது, கேட்பது, மற்றவர்களுக்கு ஃபார்வர்ட் செய்வது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான் பயன்படுகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தானாக விரும்பி அனுப்பிய பிள்ளையும், மிரட்டலுக்குப் பயந்து அனுப்பிய பிள்ளையும், கேட்காமலே தன் போனுக்கு ஒரு படம் வந்து விழுந்த பிள்ளையும், இன்னொருவரின் படத்தை வகுப்பு முழுக்கப் பரப்பிய பிள்ளையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். நான்கும் ஒன்றா? இல்லவே இல்லை.

எண்கள் ஏன் இவ்வளவு மாறுகின்றன?

'ஐந்தில் ஒரு டீன் ஏஜ் பிள்ளை இதைச் செய்கிறது' என்று 2008-ல் அமெரிக்க ஊடகங்கள் தலைப்புப் போட்டன. டீன் ஏஜ் கர்ப்பத்தைத் தடுப்பதற்காகச் செயல்பட்ட ஓர் அமைப்பு நடத்திய இணையக் கருத்துக்கணிப்பு அது. 20% என்பது அதில் வந்த எண். ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 13 முதல் 19 வயது வரை. அதாவது, சட்டப்படி வயது வந்த 18, 19 வயதினரும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டே, பியூ ரிசர்ச் சென்டர் 12 முதல் 17 வயது வரையிலான 800 பிள்ளைகளிடம் தொலைபேசியில் பேசியது. செல்போன் வைத்திருந்தவர்களில் அப்படிப் படம் அனுப்பியதாகச் சொன்னவர்கள் வெறும் 4%. தங்களுக்கு வந்ததாகச் சொன்னவர்கள் 15%.

2012-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் போனது. 10 முதல் 17 வயது வரையிலான 1,560 பேரிடம் கேட்டார்கள். 'நிர்வாணமான அல்லது கிட்டத்தட்ட நிர்வாணமான' படத்தில் தாங்களே இருந்ததாகவோ, அப்படி ஒன்றைத் தாங்களே எடுத்ததாகவோ சொன்னவர்கள் 2.5%. 'கிட்டத்தட்ட' என்பதை எடுத்துவிட்டு, அப்பட்டமான படங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அது 1% ஆகச் சுருங்கியது.

அதே 2012-ல் டெக்சாஸ் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் 948 பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில் கிடைத்த எண் எவ்வளவு தெரியுமா? 28%!

ஒரே நாடு, கிட்டத்தட்ட ஒரே காலம். ஆனால் 1% முதல் 28% வரை. யாரும் பொய் சொல்லவில்லை. யாரிடம் கேட்டார்கள், எந்த வயதினரிடம் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், 'படம்' என்று எதைச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. டெக்சாஸ் ஆய்வில் இருந்தது உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மட்டும். 'பீடியாட்ரிக்ஸ்' ஆய்வில் 10 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோர் பக்கத்து அறையில் இருக்கும்போது போனில் பதில் சொல்வதற்கும், வகுப்பறையில் பெயர் எழுதாத தாளில் டிக் அடிப்பதற்கும் வித்தியாசம் இருக்காதா?

எனவே 'இத்தனை சதவீதப் பிள்ளைகள்' என்று ஒரு செய்தி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது வயதையும் கேட்ட கேள்வியையும்தான்.

சரி, மொத்தமாகப் பார்த்தால்?

2018-ல் 'ஜாமா பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 39 ஆய்வுகள், 1,10,380 பேர். சராசரி வயது 15. முடிவுகள் இவை:

- படம், வீடியோ அல்லது மெசேஜ் அனுப்பியவர்கள்: 14.8%
- பெற்றவர்கள்: 27.4%
- அடுத்தவர் அனுமதி இல்லாமல் ஃபார்வர்ட் செய்தவர்கள்: 12%
- தங்களுடையது அனுமதி இல்லாமல் ஃபார்வர்ட் செய்யப்பட்டதாகச் சொன்னவர்கள்: 8.4%

2016 முதல் 2020 வரையிலான ஆய்வுகளைச் சேர்த்து 2022-ல் இதை அப்டேட் செய்தார்கள். அனுப்பியவர்கள் 19.3%, பெற்றவர்கள் 34.8%, அனுமதி இல்லாமல் ஃபார்வர்ட் செய்தவர்கள் 14.5%. 'எண்ணிக்கை முன்புபோல ஏறிக்கொண்டே போகவில்லை, ஒரு நிலையில் நிற்கிறது' என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இந்த எண்களைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். புதிய கணக்கின்படியும் 100 பேரில் 80 பேர் அனுப்பவில்லை. ஆனால் அந்த 80 பேரைப் பற்றித் தலைப்புச் செய்தி வருவதில்லை. 'எல்லாரும்தான் அனுப்புறாங்க' என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம்.

வயதுதான் பெரிய வித்தியாசம்

அனுப்புபவர்களையும் அனுப்பாதவர்களையும் பிரிக்கும் கோடுகளில், ஆய்வுக்கு ஆய்வு மாறாமல் வருவது வயது.

பியூ ஆய்வில் மொத்தமாக 4% பேர் அனுப்பியிருந்தாலும், 17 வயதினரை மட்டும் எடுத்தால் அது 8%. அந்த வயதில் 30% பேருக்கு அப்படி ஏதோ ஒன்று வந்திருந்தது. 'பீடியாட்ரிக்ஸ்' ஆய்விலும், படத்தில் இருந்தவர்கள் அல்லது எடுத்தவர்களில் 72% பேர் 16, 17 வயதினர். 2018 தொகுப்பாய்வும் வயது ஏற ஏற விகிதம் ஏறுவதையே காட்டியது.

இதில் ஆச்சரியம் இல்லை. காதல், டேட்டிங், உடல் மீதான ஆர்வம் எல்லாம் அந்த வயதில்தான் வருகின்றன. முன்பு கடிதத்தில் நடந்தது, இப்போது போனில் நடக்கிறது. 12 முதல் 17 வயது வரையிலான 5,593 அமெரிக்க மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019-ல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. அதில் 13% பேர் அனுப்பியிருந்தார்கள், 18.5% பேர் பெற்றிருந்தார்கள். பெரும்பாலும் அப்போது காதலில் இருந்த இருவருக்குள்தான் இது நடந்திருக்கிறது. முகம் தெரியாத யாருக்கோ அனுப்புவது அல்ல.

அதனால்தான், 12 வயதில் நடப்பதையும் 17 வயதில் நடப்பதையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 12 வயதுப் பிள்ளையிடமிருந்து அப்படி ஒரு படம் வந்திருந்தால், பின்னால் யாரோ பெரியவர் இருக்கிறாரா, வற்புறுத்தல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆணா, பெண்ணா: அனுப்புவதில் வித்தியாசம் குறைவு, கேட்பதில் அதிகம்

'பொண்ணுங்கதான் அனுப்புறாங்க' என்பது பரவலான நம்பிக்கை. தரவுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. பியூ ஆய்வில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை. டெக்சாஸ் ஆய்வில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே 28%. 2018 தொகுப்பாய்விலும் அனுப்புவதிலோ பெறுவதிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஓரிரு ஆய்வுகளில் பெண்கள் சற்று அதிகம், வேறு சிலவற்றில் ஆண்கள் சற்று அதிகம். அவ்வளவுதான்.

ஆனால் 'யார் கேட்டது?' என்று கேட்டால் படமே மாறிவிடுகிறது. டெக்சாஸ் ஆய்வில்:

- 'படம் அனுப்பு' என்று யாரிடமாவது கேட்டவர்கள்: ஆண்களில் 46%, பெண்களில் 21%
- அப்படிக் கேட்கப்பட்டவர்கள்: பெண்களில் 68%, ஆண்களில் 42%

மூன்று பெண்களில் இருவரிடம் கேட்டிருக்கிறார்கள். அனுப்பியவர்களோ நான்கில் ஒருவரைவிடக் கொஞ்சம் அதிகம். அதாவது, கேட்டும் அனுப்பாமல் 'நோ' சொன்ன பெண்கள் ஏராளம். 'அனுப்பாதவர்கள்' என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடும் கூட்டத்துக்குள், ஒரு தடவை மறுத்தவர்களும் பத்து தடவை மறுத்தவர்களும் இருக்கிறார்கள்.

அந்த மறுப்பு எவ்வளவு கஷ்டமானது என்பதை இன்னோர் ஆய்வு காட்டியது. தங்கள் பிரச்சினையைப் பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதி ஆலோசனை கேட்ட அமெரிக்க டீன் ஏஜ் பெண்களின் 462 பதிவுகளை ஓர் ஆய்வாளர் படித்தார். 2018-ல் வெளியான அந்த ஆய்வின்படி, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் படம் கேட்கப்பட்டிருந்தது. திரும்பத் திரும்பக் கேட்பது, கோபப்படுவது, 'பிரேக் அப் பண்ணிடுவேன்' என்பது, மிரட்டுவது எனப் பல வடிவங்களில் அழுத்தம் வந்தது. 'எப்படி நோ சொல்றது?' என்பதற்கே பலருக்கு வழி தெரியவில்லை.

2012-ல் லண்டன் பள்ளி மாணவர்களிடம் நேரடியாகப் பேசி நடத்தப்பட்ட ஆய்வும் இதே இடத்துக்குத்தான் வந்தது. பெண்ணின் படத்தை வாங்கி வைத்திருக்கும் பையனுக்கு நண்பர்களிடையே மதிப்பு கூடுகிறது. அதே படத்துக்காகப் பெண்ணுக்குக் கெட்ட பெயர் கிடைக்கிறது. அனுப்பினால் ஒரு பட்டம், அனுப்பாவிட்டால் வேறொரு பட்டம்.

போன் யாருடையது, பில் யார் கட்டுவது?

பியூ ஆய்வில் ஒரு சுவாரஸ்யமான எண் இருந்தது. தன் போன் செலவு முழுவதையும் தானே கட்டும் பிள்ளைகளில் 17% பேர் படம் அனுப்பியிருந்தார்கள். செலவைப் பெற்றோர் ஏற்றுக்கொண்ட அல்லது பகிர்ந்துகொண்ட பிள்ளைகளில் அது 3%தான்.

இதை வைத்து 'பில்லை நாமே கட்டினால் பிரச்சினை தீர்ந்தது' என்று முடிவு கட்ட வேண்டாம். தானே பில் கட்டும் பிள்ளை பெரும்பாலும் வயதில் மூத்த, பார்ட் டைம் வேலைக்குப் போகும் பிள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். வயது, சுதந்திரம், வீட்டின் கண்காணிப்பு எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் அதே ஆய்வில் இருந்தது. பிள்ளையின் போனை எடுத்து உள்ளே இருப்பதைப் பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும், அப்படிப் பார்க்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அனுப்புவதில் வித்தியாசம் தெரியவில்லை. போனை நோண்டுவது மட்டும் பெரிதாக உதவவில்லை என்றே அந்த எண்கள் காட்டின.

நட்பு வட்டம்: 17 மடங்கு

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1,839 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்து, 2012-ல் வெளியான ஆய்வு இது. செல்போன் பயன்படுத்துபவர்களில் 15% பேர் தாங்கள் அனுப்பியதாகச் சொன்னார்கள். ஆனால் 'அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும்' என்று சொன்னவர்கள் 54%!

'எல்லாரும் அனுப்புறாங்க' என்ற எண்ணம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? ஒரு வகுப்பில் ஒருவர் அனுப்பினால் போதும், வகுப்பு முழுவதற்கும் 'அனுப்பிய ஒருவரை' தெரியும்.

அந்த நினைப்புக்கு விளைவும் உண்டு. நண்பர்கள் அனுப்புகிறார்கள் என்று தெரிந்த பிள்ளைகள் தாங்களும் அனுப்பியிருக்கும் சாத்தியம், அப்படி இல்லாதவர்களைவிட ஏறக்குறைய 17 மடங்கு அதிகமாக இருந்தது. இந்த ஆய்வில் இவ்வளவு பெரிய வித்தியாசம் நட்பு வட்டத்தில்தான் தெரிந்தது.

இனம், பாலீர்ப்பு: கவனமாகப் படிக்க வேண்டிய இடம்

அமெரிக்க ஆய்வுகள் இனவாரியாகவும் பார்த்தன. டெக்சாஸ் ஆய்வில் வெள்ளையின, கறுப்பின மாணவர்களிடம் விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு இது மாறுகிறது. 'இந்தச் சமூகத்துப் பிள்ளைகள்தான்' என்று சொல்லும்படி உறுதியான ஒரே முடிவு இல்லை.

பாலீர்ப்பு விஷயத்தில் ஓரளவு ஒரே திசை தெரிகிறது. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ள பிள்ளைகளிடம் விகிதம் அதிகம் என்று லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வும் 2019 ஆய்வும் காட்டின. வீட்டிலும் பள்ளியிலும் வெளிப்படையாகப் பேச முடியாத பிள்ளைகளுக்கு இணையம்தான் ஒரே சந்திப்பு இடமாக இருப்பதும் உண்டு. படம் வெளியே போனால் அவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு. படத்தோடு சேர்த்து, யாரிடமும் சொல்லாத தங்கள் அடையாளமும் வெளியே வந்துவிடும்.

நாட்டுக்கு நாடு மாறுமா?

மாறுகிறது, ஆனால் எதிர்பார்த்த விதத்தில் அல்ல. 'இ.யூ. கிட்ஸ் ஆன்லைன்' என்ற திட்டம் 2010-ல் 25 ஐரோப்பிய நாடுகளில் சுமார் 25,000 குழந்தைகளிடம் தரவு சேகரித்தது. 11 முதல் 16 வயதினரில் பாலியல் மெசேஜ்களைப் பார்த்த அல்லது பெற்ற பிள்ளைகள் 15%. தாங்களே அனுப்பியவர்கள் 3%.

அந்தத் தரவில் 20 நாடுகளை எடுத்து ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். புதுமை, த்ரில் தேடும் இயல்பு உள்ள பிள்ளைகள், வயதில் மூத்த பிள்ளைகள் ஆகியோரிடம் செக்ஸ்டிங் அதிகம் என்பது நாட்டுக்கு நாடு பெரிதாக மாறவில்லை. மாறியது ஆண், பெண் இடைவெளி. பாரம்பரிய மதிப்பீடுகளை அதிகம் பிடித்துக்கொள்ளும் நாடுகளில் பெண்களைவிட ஆண்கள் அதிகமாக இதில் ஈடுபட்டிருந்தார்கள்.

பெண்ணுக்குக் கட்டுப்பாடு அதிகம் உள்ள சமூகத்தில் பெண் தயங்குகிறாள், பையன் தயங்குவதில்லை. இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறது அல்லவா?

இது மனநலத்தைப் பாதிக்குமா?

2019-ல் 23 ஆய்வுகளையும் 41,723 பேரையும் கொண்ட இன்னொரு தொகுப்பாய்வு வந்தது. செக்ஸ்டிங் செய்த பிள்ளைகளிடம் மனச்சோர்வு, பதற்றம், மது மற்றும் போதைப் பழக்கம், பாதுகாப்பற்ற உடலுறவு ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. வயது குறைந்த பிள்ளைகளிடம் பாலுறவுச் செயல்பாட்டுடனான தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

'தொடர்பு இருக்கிறது' என்பதும் 'இதனால்தான் அது' என்பதும் வேறு வேறு. ஏற்கெனவே மனம் தளர்ந்திருக்கும் பிள்ளை, அன்பு தேடி அனுப்பியிருக்கலாம். அனுப்பிய பிறகு படம் பரவியதால் மனம் உடைந்திருக்கலாம். டெக்சாஸ் மாணவர்களை ஓராண்டு கழித்தும் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2014-ல் வந்தது. படம் அனுப்பியவர்கள் அடுத்த ஆண்டில் பாலுறவில் ஈடுபட்டிருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது, ஆனால் ஆபத்தான பாலியல் பழக்கங்களோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை.

2012 'பீடியாட்ரிக்ஸ்' ஆய்வில், படத்தில் இருந்த அல்லது எடுத்த பிள்ளைகளில் 21% பேர் மிகவும் வருத்தமோ, அவமானமோ, பயமோ அடைந்ததாகச் சொன்னார்கள். படம் வந்து சேர்ந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 25%. கேட்காமல் வந்து விழும் படமும் ஒரு பிள்ளையைக் கலங்கடிக்கும் என்பதைப் பெரியவர்கள் பலர் யோசிப்பதே இல்லை.

அப்போ 'தப்பான பிள்ளை' யார்?

இவ்வளவு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், 'அனுப்பும் பிள்ளை இப்படித்தான் இருக்கும்' என்று ஒரு முகத்தை வரைய முடியவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை, அமைதியான பிள்ளை, வசதியான வீட்டுப் பிள்ளை என யார் வேண்டுமானாலும் இருக்கலாம். வித்தியாசத்தைக் கொண்டுவருவது வயது, காதல், நண்பர்கள், அழுத்தம் ஆகியவைதான்.

அதைவிட முக்கியமான கோடு வேறு இடத்தில் ஓடுகிறது. 2018 கணக்கை மறுபடியும் பாருங்கள். அனுமதி இல்லாமல் ஃபார்வர்ட் செய்தவர்கள் 12%. தங்களுடையது ஃபார்வர்ட் ஆனது என்று சொன்னவர்கள் 8.4%. தன் படம் சுற்றிக்கொண்டிருப்பதே தெரியாத பிள்ளைகளும் இருக்கலாம் என்பதற்கு இந்த இடைவெளி ஒரு குறிப்பு. அனுப்பியவர் ஒருவரை நம்பினார். ஃபார்வர்ட் செய்தவர் அந்த நம்பிக்கையை உடைத்தார். ஆனால் பள்ளியில் விசாரணை வரும்போது முதல் கேள்வி யாரிடம் போகிறது? 'நீ ஏன்மா அனுப்புன?'

டங்கனாக்கில் நடந்ததும் இதுதான்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் போக்சோ சட்டம், 2012-ன்படி 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படங்களை வெளியிடுவது, அனுப்புவது, தேடுவது, டவுன்லோடு செய்வது எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும், மறுமுறை என்றால் 7 ஆண்டுகள் வரை சிறையும் உண்டு.

காதலிக்கும் இரண்டு 17 வயதுப் பிள்ளைகளுக்கு என்று அந்தப் பிரிவில் தனி விதிவிலக்கு எழுதப்படவில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் மீது வழக்கு வந்தால் அது சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

இதில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு நாடு முழுக்கத் தாக்கத்தை ஏற்படுத்தியது. குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படத்தை டவுன்லோடு செய்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 'குழந்தைகள் ஆபாசப் படம்' என்ற சொல்லையே விட்டுவிட வேண்டும், குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் மற்றும் துன்புறுத்தலின் பதிவு என்றே அதைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. பள்ளிகளில் முழுமையான பாலியல் கல்வி தேவை என்பதையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது.

வகுப்புத் தோழியின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால், 'நான் அனுப்பல, சும்மா வெச்சிருந்தேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம்.

படம் வெளியே போய்விட்டால் என்ன செய்வது?

- பணம் அல்லது இன்னொரு படம் கேட்டு மிரட்டினால் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மிரட்டல் நிற்காது.
- சாட் விவரங்களை அழிக்க வேண்டாம். மிரட்டியவரின் ஐடி, நம்பர், மெசேஜ் எல்லாம் புகாருக்குத் தேவை. ஆனால் அந்தரங்கப் படத்தை ஆதாரம் என்று சொல்லி மற்றவர்களுக்கு ஃபார்வர்ட் செய்யக் கூடாது.
- 1098 குழந்தைகள் உதவி எண். 1930 சைபர் குற்ற உதவி எண். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள் மற்றும் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம்.
- 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உண்டு. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படத்துக்கு, படத்தை யாருக்கும் அனுப்பாமலே, போனிலிருந்தே ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாக்கும். இதில் சேர்ந்துள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.
- புகார் போனால் பெயர் வெளியே வருமோ என்ற பயம் வேண்டாம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி என எதையும் ஊடகங்கள் வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்கிறது.

வீட்டில் அண்ணன், அக்கா, சித்தி, மாமாவாக இருப்பவர்களுக்கு

டீன் ஏஜ் பிள்ளைகள் இதை அப்பா, அம்மாவிடம் முதலில் சொல்வது அரிது. 25, 28 வயதில் இருக்கும் அக்காவிடமோ சித்தப்பாவிடமோ வர வாய்ப்பு அதிகம். அப்படி ஒரு மெசேஜ் இரவு 11 மணிக்கு வந்தால், முதல் பதில் 'ஏன் அனுப்புன?' என்று இருந்தால் அடுத்த மெசேஜ் வராமலே போகலாம். 'பயப்படாத, நான் பாத்துக்கறேன். யார் கேட்டது? இப்ப யார்கிட்ட இருக்கு?' என்று தொடங்கினால் பிள்ளை பேசும்.

அதற்கு முன்பே பேசினால் இன்னும் நல்லது. '100 பேர்ல 80 பேர் அனுப்பறதில்ல, நீ மட்டும் தனியா இல்ல' என்ற ஒரே தகவல், 'எல்லாரும்தான் அனுப்புறாங்க, உனக்கு மட்டும் என்ன?' என்ற அழுத்தத்துக்கு எதிராக ஒரு பிள்ளை கையில் வைத்திருக்கக்கூடிய பதில். தம்பியிடம் பேச வேண்டியது வேறு: 'ஒரு பொண்ணு நோ சொன்னா, திரும்பக் கேக்காத. உன் போனுக்கு யார் படமாவது வந்தா, அது உன்னோட நின்னுடணும்.'